ஃபுனாஃபுட்டிக்கு எவ்வளவு பணம் எடுத்துப் போவது?

2001இல் பசிபிக் தீவுநாடான துவாலுவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு, அங்கே போய்ப் பழகியவர்கள் ஒரே அறிவுரைதான் சொல்வார்கள்: போட்ட கணக்கைப் போல இரண்டு பங்கு பணம் எடுத்துப் போ, அதுவும் ஆஸ்திரேலிய டாலராக, அதுவும் சின்ன நோட்டுகளாக. பிஜியின் தலைநகர் சுவாவில் ஓர் ஆடிட் நிறுவனத்தில் நான் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த காலம் அது. துவாலுவில் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தால் எங்களில் ஒருவரை அனுப்புவார்கள். பிஜி டாலர் அங்கே செல்லாது. கடன் அட்டையைத் தேய்க்க நாட்டில் ஒரு கருவிகூடக் கிடையாது. தங்கும் விடுதி, சாப்பாடு, வாடகை மோட்டார் சைக்கிள், திரும்பும்போது கட்டும் புறப்பாட்டு வரி எல்லாமே கைக்காசு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அந்தப் பயணத்தில் மடி காலியாக இருப்பதுதான் பயம்.

இரண்டு பங்கு எதற்கு என்பது போய் இறங்கிய பிறகு புரியும். சுவாவிலிருந்து துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டி ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஏறக்குறைய சென்னையிலிருந்து மும்பை போகிற தூரம். விமானம் வாரத்தில் எண்ணிச் சில நாட்கள்தான். மழை கொட்டினாலோ, சுவாவில் விமானத்தில் ஏதாவது கோளாறு என்றாலோ அன்றைக்கு வராது. அடுத்த முறைக்கு மூன்று நான்கு நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்கும் விடுதிக்குக் காசு கொடுக்க வேண்டும், சாப்பிட வேண்டும். கையிருப்புத் தீர்ந்தால் வெளியிலிருந்து பணம் வரவழைக்க வங்கிக்குப் போய்த் தந்தி மாற்றுக்கு எழுதிக் கொடுக்கலாம். அது சிட்னி வழியாகச் சுற்றி வந்து சேருவதற்குள் அடுத்த விமானமும் போய்விடும்.

விமானம் வருகிற நாளில் ஊரே ஓடுதளத்துப் பக்கம் திரண்டிருக்கும். 1943இல், ஜப்பானோடு போர் நடந்தபோது, அமெரிக்கக் கடற்படை அந்த ஓடுதளத்தைப் போட்டது. ஓடுதளம் இருக்கிற ஃபொங்காஃபாலே என்ற தீவுத்துண்டு சில இடங்களில் கல் விட்டெறிகிற அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் காயல். நடுவில் தென்னந்தோப்புகளையும், புலாக்கா என்ற சேப்பங்கிழங்கு வகையைப் பயிரிட்ட குழிகளையும் அழித்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஓடுதளம் போட்டார்கள். அதற்கு மண்ணும் பவளக்கல்லும் தோண்டிய பள்ளங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். உப்புத்தண்ணீரும் குப்பையும் தேங்கிக் கிடந்த அந்தப் பள்ளங்களின் கரையில் வீடு கட்டிக் குடியிருந்தவர்களை 2001இல் பார்த்திருக்கிறேன். நியூசிலாந்தின் செலவில் காயல் மணலை உறிஞ்சி அவற்றை நிரப்பியது 2015இல்தான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் போரின் செலவில் ஒரு பகுதியைத் துவாலு மக்கள் தங்கள் நிலத்தால் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான் பொள்ளாச்சிக்காரன். தென்னையும் கொப்பரையும் தெரியும். பாளை சீவி இறக்கும் தெளுவும் தெரியும். அங்கே அதைக் கலேவே என்கிறார்கள். காலையிலும் மாலையிலும் மரமேறி இறக்குகிறார்கள், காய்ச்சிப் பாகாக்கி வைத்துக்கொள்கிறார்கள். நான் தங்கியிருந்த விடுதி ஒரு குடும்பம் நடத்தியது. வீட்டுக்கார அம்மாள் முதல் நாள் காலையில் ஒரு கோப்பைக் கலேவே கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. மீனுக்கும் புலாக்காவுக்கும்கூடக் கணக்கு வைக்கவில்லை. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, டின் மாட்டிறைச்சி, வெங்காயம் ஆகியவற்றை மட்டும் குறித்துவைத்து வாங்கிக்கொண்டார். கப்பலில் வந்ததற்குக் காசு, கடலிலும் மரத்திலும் குழியிலும் கிடைத்ததற்குக் காசில்லை. அவர் வீட்டுக் கணக்கு இந்த ஒரே விதியில் ஓடியது. நாட்டின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கப் போனவனுக்கு அந்த அம்மாளின் நோட்டுப் புத்தகமே முதல் பாடமாக அமைந்தது.

நாட்டின் ஒரே வங்கி ஃபுனாஃபுட்டியின் வையாக்குப் பகுதியில், அரசாங்க அலுவலகங்களின் பக்கத்தில் இருந்தது. துவாலு தேசிய வங்கி. சம்பள நாளில் வாசலைத் தாண்டி வரிசை நிற்கும். குடையோடு பெண்கள், வெறுங்காலோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள், தூரத்துத் தீவிலிருந்து கப்பலில் வந்து மூட்டை முடிச்சோடு நிற்கிற வயதானவர்கள். வங்கி மூடுவதற்குள் கவுண்டரை அடையாதவர் மறுநாள் வர வேண்டும். வெள்ளிக்கிழமை தவறினால் திங்கள். கப்பல் சனிக்கிழமை கிளம்புகிறது என்றால் பணமில்லாமலே ஏற வேண்டும், அல்லது கப்பலை விட்டுவிட வேண்டும். வரிசையில் யாரும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பொறுமைசாலிகள் என்று வெளிநாட்டுக்காரர்கள் புகழ்வார்கள். அந்தப் பொறுமையின் விலை எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லையே என்று எனக்கு அன்றைக்கே ஆற்றாமையாக இருந்தது. ஒரு நாள் மீன்பிடிப்பு, ஒரு நாள் தோட்டவேலை, ஒரு கப்பல் பயணம் அந்த வரிசையில் கரைந்துகொண்டிருந்தது.

துவாலுவுக்குச் சொந்தமாகத் தாள் நோட்டு இல்லை. ஆஸ்திரேலிய நோட்டுதான். 1976இலிருந்து நாணயங்கள் மட்டும் சொந்தமாக உண்டு. ஐம்பது சென்ட்டில் ஆக்டோபஸ், ஒரு டாலரில் ஆமை. ஆஸ்திரேலியா 1996க்குள் எல்லா நோட்டையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டது. அந்த மாற்றத்தால் ஆஸ்திரேலியர்களைவிடத் துவாலுக்காரர்களுக்குத்தான் அதிக நன்மை என்பேன். உப்புக்காற்றிலும், வேட்டிபோல் சுற்றிக்கொள்ளும் சுலு மடிப்பிலும், மீன்பிடிப் படகிலும் கிடந்த நோட்டுகள் கவுண்டருக்கு நனைந்து வரும். துடைத்து எண்ணி வைப்பார்கள். காகித நோட்டாக இருந்தால் பாதி கிழிந்திருக்கும். புது நோட்டுக் கட்டுகளும் விமானத்தில்தான் வந்தாக வேண்டும். எனவே விமானம் தவறினால் பயணிக்கு மட்டுமல்லாமல் வங்கிக்கும் நெருக்கடி.

அடுத்தவர் நாணயத்தில் வாழ்வது என்றால் என்னவென்று ஆடிட் மேசையில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. துவாலுவின் பெரிய வருமானங்கள் அமெரிக்க டாலரில் வருகின்றன. டூனா மீன்பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களின் உரிமக் கட்டணம் அப்படித்தான். அப்போது புதிதாக வந்திருந்த இணைய முகவரி வருமானமும் அப்படித்தான். நாடுகளுக்கென்று இணையத்தில் ஒதுக்கிய இரண்டெழுத்துகளில் துவாலுவுக்கு விழுந்தது டி.வி. தொலைக்காட்சி நிறுவனங்கள் கேட்டு வாங்கும் எழுத்து. 2000இல் ஓர் அமெரிக்க நிறுவனம் 12 ஆண்டுகளில் 5 கோடி அமெரிக்க டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டது. நான் போனபோது ஆஸ்திரேலிய டாலர் தலைகுப்புற விழுந்துகிடந்தது. 2001 ஏப்ரலில் அதன் மதிப்பு 48 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே போனது. பத்து லட்சம் அமெரிக்க டாலர் வந்தால் துவாலுவின் கணக்கில் இருபது லட்சத்துக்கு மேல் ஏறும். அதே பத்து லட்சம் 2011 ஜூலையில் வந்திருந்தால் ஒன்பது லட்சத்துச் சொச்சம்தான். மீனும் அதேதான், எழுத்தும் அதேதான். துவாலுவில் ஒருவரும் எதுவும் செய்யாமல் நாட்டின் வரவு பாதியாகக் குறையலாம், இரட்டிப்பாகவும் ஆகலாம். அதைப் பார்த்த பிறகு, சின்ன நாடுகளுக்குக் கணக்கு வைக்கத் தெரியவில்லை என்று பெரிய நகரங்களில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது.

அந்த இணையப் பணத்தில் ஃபுனாஃபுட்டியின் மண்சாலைக்குத் தார் போட்டார்கள், தெருவிளக்கு வந்தது. 2000 செப்டம்பரில் ஐ.நா. சபையில் 189ஆவது உறுப்பினராகத் துவாலு சேர்ந்தது. நியூயார்க்கில் ஓர் அலுவலகம் வைக்கும் செலவை அதற்குமுன் அவர்களால் நினைத்துப்பார்க்கவே முடிந்ததில்லை. கடல் ஏறி நிலம் போகிறது என்று உலகத்திடம் முறையிட ஒரு நாற்காலி வாங்குவதற்கு, தங்கள் பெயரின் இரண்டெழுத்தைக் குத்தகைக்கு விட வேண்டியிருந்தது. நல்ல செலவு. அந்த முடிவை எடுத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இந்தச் சிக்கனமும் துணிவும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் 1975க்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் கில்பர்ட் தீவுகளும் எல்லிஸ் தீவுகளும் ஒரே காலனி. கில்பர்ட்தான் இன்றைய கிரிபாட்டி, எல்லிஸ்தான் துவாலு. 1974இல் எல்லிஸ் மக்கள் பிரிவதற்கு வாக்களித்து, 1975இல் பிரிந்தார்கள். பாகப்பிரிவினையில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கப்பல். பனாபா தீவின் பாஸ்பேட் வருமானத்தில் பங்கு கிடையாது. அந்த வருமானத்திலிருந்து 1956இல் தொடங்கிய சேமிப்பு நிதி கிரிபாட்டிக்கே போனது. ஒன்பது தீவு, மொத்த நிலம் 26 சதுரக் கிலோமீட்டர், ஒரு கப்பல்: சுதந்திர நாட்டின் சொத்துப் பட்டியல் அவ்வளவுதான். முதல் பிரதமர் டோவாரிப்பி லவுட்டி, நல்ல வட்டி வரும் என்று நம்பி அரசாங்கப் பணத்தைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு நிலவணிகரிடம் கொடுத்தார். 1981 தேர்தலில் அது பெரிய பிரச்சினையாக எழுந்தது, அவர் பதவி இழந்தார். வெளியுலகப் பணத்தோடு பழகிய அந்த முதல் பாடத்துக்குப் பிறகு, 1987இல் அறக்கட்டளை நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் பெரும்பங்கு கொடுக்க, சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் முதல். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்து, முதலின் உண்மை மதிப்பு குறையாமல் இருந்தால் மட்டுமே மிகுதியை அரசு எடுக்கலாம் என்று கட்டுப்பாடு. எத்தனையோ நிறுவனங்களின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கண்டிப்பான விதியை இவ்வளவு காலம் மீறாமல் காத்தவர்கள் குறைவு. அந்த நிதி இன்று பல மடங்கு வளர்ந்து நிற்கிறது.

பசிபிக்கின் இன்னொரு சின்ன நாடான நவ்ரு நேர்மாறு. 21 சதுரக் கிலோமீட்டர்ப் பாஸ்பேட் பாறை, 1968இல் சுதந்திரம், அடுத்த பத்தாண்டில் தலைக்கு வருமானத்தில் உலகின் பணக்கார நாடுகளுள் ஒன்று. மெல்பர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமான நிறுவனம், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பறந்த ஜெட் விமானங்கள். பாஸ்பேட் தீர்ந்தது. கட்டடம் 2004இல் கைமாறியது. 2005 டிசம்பரில் மிச்சமிருந்த ஒரே விமானத்தையும் கடன் கொடுத்த அமெரிக்க வங்கி எடுத்துக்கொண்டது. அரசாங்க வங்கி முடங்கிப்போய் 2015 வரை அந்த நாட்டில் வங்கியே இல்லாமல் கையில் புரண்ட நோட்டிலேயே வியாபாரம் நடந்தது. பாஸ்பேட் வெட்டப் போயிருந்த துவாலுக் குடும்பங்கள் 2006இல் கூட்டமாக ஊர் திரும்பின. என் விடுதிக்கார அம்மாளின் கொழுந்தன் குடும்பமும் அப்படித் திரும்பியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

வெளித்தீவுகளுக்கு இன்றும் கப்பல்தான். நனுமேயா, நியுட்டாவோ, நுய் என்று வடக்கே போகப் போகச் சரியான துறைமுகம் இல்லை. கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நிற்கும். சின்னப் படகில் அலை பார்த்து இறங்க வேண்டும். தளத்தில் பாய் விரித்து, பன்றிக்குட்டியும் தேங்காயும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் சூழ ஓர் இரவோ இரண்டு இரவோ பயணம். அரசு மானியத்தில் கட்டணம் குறைவு. ஆனால் கப்பல் எப்போது வரும் என்பதை நம்பித்தான் பிரசவமும் பள்ளிக்கூடமும் சாவும் கல்யாணமும். நான் பார்த்தபோது பல வீடுகளில் ஒரு மகன் கடலோடியாக இருந்தான். அமாட்டுக்குத் தீவில் 1979இலிருந்து நடக்கும் கப்பல் பயிற்சிப் பள்ளியில் படித்து, ஜெர்மன் நிறுவனங்களின் சரக்குக் கப்பல்களில் வேலைக்குப் போனவர்கள். அவர்கள் மாதாமாதம் அனுப்பும் பங்குப் பணம்தான் வீட்டுக்கு அரிசி, மாவு, பள்ளிச் சீருடை. 2008க்குப் பிறகு சரக்குக் கப்பல் வணிகம் சுருங்கியது, அந்த வேலைகளும் சுருங்கின. இப்போது பணம் வருவது பெரும்பாலும் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியப் பழத்தோட்டங்களிலிருந்தும். பணம் அனுப்ப உலகத்திலேயே மிக அதிகமாகக் கமிஷன் போகிற இடங்களில் பசிபிக் தீவுகளும் உண்டு. நூறு டாலர் அனுப்பினால் ஒன்பது டாலரை ஒட்டி வழியிலேயே கழிந்துவிடும். துளியும் நியாயமில்லாத கழிவு இது. அனுப்புகிறவர் ஆப்பிள் பறிக்கிற கூலிக்காரர், வாங்குகிறவர் அவருடைய தாய்.

2025 ஏப்ரல் 15 அன்று ஃபுனாஃபுட்டியில் முதல் ஏ.டி.எம். திறக்கப்பட்டது என்று செய்தியில் பார்த்தேன். பிரதமர் ஃபெலெட்டி டேயோவே வந்து திறந்துவைத்தார். மொத்தம் ஐந்து இயந்திரங்கள், கடைகளுக்கு முப்பது அட்டைக் கருவிகள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கு அங்கே இனி ஒரு வேலையும் இல்லை. ஆனால் போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்த ஆண்டின் கடைசியில் கிளம்பினேன்.

வழியில் நாண்டியில் இறங்கினேன். பிஜியின் பன்னாட்டு விமான நிலையம் உள்ள ஊர் அது. துவாலு, கிரிபாட்டி, நவ்ரு எங்கே போவதென்றாலும் பெரும்பாலும் பிஜி வழிதான். கடைத்தெருக் கோடியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், 1994இல் புதிதாகக் கட்டிக் குடமுழுக்கு நடந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல் 1916 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எழுப்பிய கோயில். இந்தியாவிலிருந்து பிஜிக்குப் போன ஏறத்தாழ 60,000 பேரில் கால்வாசி தெற்கத்தியவர்கள். ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பலாம், ஆனால் சொந்தச் செலவில். பத்தாண்டு முடித்தால்தான் இலவசக் கப்பல். ஐந்தாண்டுக் கூலியில் மிச்சம் பிடித்துக் கப்பல் கட்டணம் கட்டியவர்கள் சொற்பம். இன்னும் ஐந்தாண்டு தங்கினார்கள், அதற்குள் பிள்ளைகுட்டி பிறந்தது, பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். பசிபிக்கில் ஒரு மனிதன் எந்த மண்ணில் வாழ்ந்து எந்த மண்ணில் சாகிறான் என்பதைப் பயணச்சீட்டின் விலை தீர்மானித்த கதை, நம் ஆட்களிடமிருந்தே தொடங்குகிறது. என்னை ஏற்றிக்கொண்டுபோன டாக்சிக்காரர் வேலூர்ப் பக்கத்து வம்சம் என்று இந்தியில் சொன்னார். அவருக்கு மிஞ்சியிருந்த தமிழ் அம்மா, அப்பா, சாமி, சோறு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். துவாலு என்றதும், அங்கே போகிற காசுக்கு ஆஸ்திரேலியாவுக்கே போய் வந்துவிடலாமே என்றார்.

அவர் சொன்னது உண்மை. சென்னையிலிருந்து மும்பைக்குப் போகிற தூரத்துக்கு, அந்தக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்தேன். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்பது கணக்குப் பார்த்தவனுக்குத் தெரியும். ஓடுதளம் சின்னது, பெரிய ஜெட் இறங்காது. விமானம் சின்னது, விமானி சம்பளமும் காப்பீடும் பராமரிப்பும் சில பத்து இருக்கைகளின் தலையில் விடிகிறது. போட்டிக்கு இன்னொரு நிறுவனம் இல்லை. துவாலு அரசே பிஜியின் ஒரு சிறு விமான நிறுவனத்தில் பங்கு வாங்கிப் பார்த்தது. அந்த நிறுவனம் 2009இல் மூடப்பட்டது. இதோடு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை. இருக்கைகளில் பெரும்பகுதியை நிரப்புகிறவர்கள் ஆலோசகர்கள், அதிகாரிகள், மாநாட்டுக்குப் போகிறவர்கள், என்னைப் போன்ற ஆடிட்டர்கள். எங்கள் டிக்கெட்டை நிதியுதவித் திட்டங்கள் கட்டுகின்றன. விலை எவ்வளவானாலும் கட்டுகின்றன. அதே விலையைத்தான் தகப்பன் சாவுக்கு ஆக்லாந்திலிருந்து வருகிற மகளும், சுவாவுக்குச் சிகிச்சைக்குப் போகிற நோயாளியோடு கூடப்போகிற மனைவியும் கொடுக்க வேண்டியிருக்கிறது. உதவி என்று கணக்கில் எழுதப்படும் தொகையில் ஒரு பங்கு இப்படித் துவாலு மண்ணைத் தொடாமலே விமானத்தில் ஏறித் திரும்பிவிடுகிறது. தீவுகளுக்கு ஏதாவது செய்ய விரும்பும் நாடுகள் முதலில் இந்த இருக்கைகளில் சிலவற்றை உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கி, மிச்சக் கட்டணத்தைத் தாங்கள் ஏற்க வேண்டும். கடல்சுவர் கட்டுவதுபோல இதுவும் ஒரு நாட்டைத் தாங்கிப்பிடிக்கிற வேலைதான்.

ஃபுனாஃபுட்டியில் விமானம் இறங்குமுன் ஊதுகிற சைரனின் ஒலி மாறவில்லை. தீயணைப்பு வண்டி ஓடுதளத்தில் ஓடி ஆட்களையும் நாய்களையும் விலக்கியது, நாங்கள் இறங்கினோம். 2001இல் இல்லாத மாடிக் கட்டடங்கள் இருந்தன. மோட்டார் சைக்கிள்கள் பெருகியிருந்தன. காயலோரம் புதிதாகத் தூர்த்து உயர்த்திய நிலம் வெள்ளை மணலாக நீண்டு கிடந்தது. வையாக்குவில் ஏ.டி.எம். முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு பையன் தன் பாட்டிக்கு அட்டையை எந்தப் பக்கம் செருகுவது என்று காட்டிக்கொண்டிருந்தான். பாட்டி நோட்டை வாங்கி எண்ணிப்பார்த்து, இயந்திரத்துக்கும் பையனுக்கும் நன்றி சொன்னார். மாலை ஆறு மணி இருக்கும். வங்கி எப்போதோ மூடியிருந்தது. வெயிலில் குடைபிடித்து நின்ற அந்தப் பழைய வரிசையை நினைத்துக்கொண்டேன். ஐம்பது ஆண்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய வசதி. வந்ததே என்று மனம் நிறைந்தது.

ஆனால் அந்த இயந்திரங்கள் முதலில் வந்தது உள்ளூர்க்காரர்களுக்காக. வங்கி கொடுக்கும் முன்பணம் ஏற்றிய அட்டைதான் செல்லும். வெளிநாட்டு அட்டைகளுக்கு அடுத்த கட்டத்தில்தான் இடம். ஆகவே நானும் பழையபடி ஆஸ்திரேலிய நோட்டுகளை உறையில் போட்டுத்தான் எடுத்துப் போயிருந்தேன். இரண்டு பங்கு.

விடுதி அதே இடத்தில் இருந்தது. அந்த அம்மாள் காலமாகிவிட்டார், மகள் நடத்துகிறார். காலையில் கலேவே வந்தது. இப்போதும் அதற்கு விலையில்லை. அரிசி, மாவு, முட்டை விலைகளைக் கேட்டபோது ஆடிப்போனேன். எல்லாமே கப்பலில் வருகிறவை, பொருளின் விலையோடு கடலின் விலையும் சேர்ந்து வருகிறது. உப்பு ஏறிப் புலாக்காக் குழிகள் பல கெட்டுவிட்டதால் வாங்கிச் சாப்பிடுவது கூடியிருக்கிறது என்றார் மகள். அம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் காசில்லாத பக்கம் பெரிதாக இருந்தது, என்னுடையதில் அது சுருங்கிக்கொண்டே வருகிறது என்றும் சொன்னார்.

அவர் மகனுக்கு அந்த ஆண்டு குலுக்கலில் பெயர் விழுந்திருந்தது. ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023 நவம்பரில் கையெழுத்திட்ட ஃபலெபிலி ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 280 துவாலுக்காரர்கள் நிரந்தரமாகக் குடியேறலாம். 2025 ஜூனிலும் ஜூலையிலும் பதிவு நடந்தது. கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பதிந்தார்கள், பத்தாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள நாட்டில். எல்லாரும் நாட்டைவிட்டு ஓடப் பார்க்கிறார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. மகள் அதைக் கேட்டு வருத்தப்பட்டார். கதவு திறந்திருக்கும்போது சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறோம், போகிறவன் திரும்பி வரவும் அந்த ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது என்றார். படிப்பு, மருத்துவம், வேலை எல்லாவற்றுக்கும் அங்கே உரிமை உண்டு.

25 டாலரில் முடிகிற விஷயமாக அது தெரிந்தது பதிவு செய்த அன்றைக்கு மட்டும்தான். மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். மருத்துவப் பரிசோதனைச் செலவு. ஃபுனாஃபுட்டியிலிருந்து சுவா, அங்கிருந்து நாண்டி, அங்கிருந்து பிரிஸ்பேன் என்று நாலு பேருக்கு டிக்கெட். போய் இறங்கிய இடத்தில் வீட்டு வாடகைக்கு முன்பணம், குளிருக்குத் துணி. ஒரு சாயங்காலம் இருவரும் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான் வரிவரியாக எழுதினேன், அவர் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஓர் ஆளின் பெயரைச் சொன்னார். பிரிஸ்பேன் டிக்கெட்டில் இரண்டு ஆக்லாந்திலிருக்கும் சின்னம்மா. சுவாவில் தங்குவது அங்கே படிக்கிற தங்கை மகளின் அறையில். மருத்துவப் பரிசோதனைக்குத் தேவாலயப் பெண்கள் குழு நடத்திய பிங்கோவில் சேர்ந்த தொகை. துணிமணிக்கு மகனே பிடிக்கும் மீன். எந்த வங்கியின் கடனும் அந்தக் காகிதத்தில் இல்லை, யாரும் வட்டி கேட்கப் போவதில்லை. அனுப்பிவைத்த உறவுகளுக்கு நாளைக்கு அவன் அனுப்புவான். அவ்வளவுதான் பத்திரம்.

ஃபுனாஃபுட்டியிலிருந்து சுவாவுக்கு நாலு டிக்கெட் என்ற வரிக்கு நேராக மட்டும் பெயர் எழுதாமல் இருந்தது. பட்டியலிலேயே தூரம் குறைந்த பயணம், ஆனால் தொகை நெஞ்சை அடைத்தது. வைதுபு தீவிலிருக்கும் தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அடுத்த கப்பலில் வருவார் என்றார். கப்பல் எப்போது என்று கேட்டேன். பழுதுபார்க்கப் பிஜிக்குப் போயிருக்கிறது, திரும்பி வந்ததும் என்றார்.